ஒரே அரக்கன் மேல் மூன்று மின்னல்: தொட்டிப்பாலச் சண்டையின் நிகழ்வு ஆய்வு

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாகக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுகிற மேசைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. இரண்டு பேர் ஒரே மின்னல் ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, ஒரே எதிரி மேல் போட்டால் இரண்டுக்கும் டேமேஜ் (அடியின் அளவு) உண்டா? வெவ்வேறு ஸ்பெல்களின் பலன் ஒன்றோடொன்று கூடும், ஒரே ஸ்பெல்லைப் பல முறை போட்டால் கூடாது, அவற்றில் வலுவான ஒன்று மட்டும் செல்லும் என்கிறது ஐந்தாம் பதிப்பின் விதி. இதை அவசரமாகப் படிக்கிறவர் இரண்டாவது மின்னலை வெட்டிவிடுவார். அப்படி வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதே விதி வேறு சில இடங்களில் வெட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டும், எங்கே வெட்டாது என்று பார்க்க நாகர்கோவிலில் எங்கள் குழு ஆடிய ஒரு சண்டை வசமாக அமைந்தது. மூன்று மின்னல் ஸ்பெல்கள், ஒரே எதிரி, நடுவில் வானிலை மாற்றம் எல்லாம் இரண்டே சுற்றுக்குள் வந்துவிட்டன. அந்த ஆட்டத்துக்கு நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தித் தீர்ப்புச் சொல்பவன். ஆடியது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில்.

களமும் ஆட்களும்

களம் மாத்தூர் தொட்டிப்பாலம். கதையில் அது அரக்கர்கள் கட்டிய பழைய வாய்க்கால் என்று வரும். வரைபடத்தில் நம்ம மாத்தூரேதான். பரளியாற்றின் குறுக்கே நூறடிக்கு மேல் உயரத்தில் பட்டணங்கால் தண்ணீரைத் தொட்டியில் சுமந்து போகிற அந்தப் பாலத்தை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்கு 5 அடி. தூண்களுக்குத் தீப்பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மரஸ்கேலை வைத்தேன். ஸ்கேல் தொட்டி, அதன் கீழே பாறையும் முழங்கால் அளவுத் தண்ணீருமாக ஆறு.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் 7ஆம் லெவல். குளச்சல்காரத் தங்கச்சி ட்ரூயிட், இயற்கை மந்திரம் போடுபவள். தக்கலையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணன் டெம்பஸ்ட் கிளெரிக், அதாவது புயல் தெய்வத்துக்குப் பூசாரி. மார்த்தாண்டத்துத் தம்பி சோர்சரர், பிறவி மந்திரவாதி. என் மச்சான் ரேஞ்சர், காட்டு வீரன். எதிரி ஒரு ஹில் ஜயன்ட், குன்று அரக்கன். 105 ஹெச்பி (உயிர்ப் புள்ளி), ஏசி 13 (அவனை அடிக்க எட்ட வேண்டிய எண்), உடம்பு பெரிது, சுறுசுறுப்பு கிடையாது. டெக்ஸ் சேவுக்கு, அதாவது சுறுசுறுப்பால் தப்பிக்க உருட்டும் பகடைக்கு, அவனுக்கு மைனஸ் 1. மின்னல் ஸ்பெல் போடும் மூவருக்கும் டிசி, அதாவது எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண், 15. ஆக அவன் தப்பிக்க இருபதுமுகப் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நான்கில் ஒரு வாய்ப்பு.

ட்ரூயிட், கிளெரிக் இருவர் கையிலும் இருந்தது கால் லைட்னிங். 3ஆம் லெவல் ஸ்பெல். போட்டவரின் தலைக்கு மேலே 60 அடி ஆரமும் 10 அடி உயரமும் உள்ள புயல் மேகம் திரளும். அதன் கீழே அவர் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியில் மின்னல் இறங்கும். புள்ளியிலிருந்து 5 அடிக்குள் இருப்பவர்கள் டெக்ஸ் சேவ் போட வேண்டும். தவறினால் 3 டி10, அதாவது மூன்று பத்துமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை டேமேஜ், தப்பினால் பாதி. கான்சென்ட்ரேஷன் (ஸ்பெல்லைத் தாங்கிப் பிடிக்கும் மனக்குவிப்பு, ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான்) கலையாமல் இருந்தால் 10 நிமிடம் வரை, தன் முறை வரும்போதெல்லாம் அதற்குரிய முக்கியச் செயலான ஆக்‌ஷனைச் செலவழித்து இன்னொரு மின்னலை இறக்கலாம். ஸ்பெல்லைப் போடும்போதே வெளியில் புயல் வானிலை இருந்தால் புது மேகம் உருவாகாது. இருக்கிற புயலே போட்டவர் கைக்கு வரும், டேமேஜில் ஒரு டி10 கூடும். சண்டையில் பாதி நேரத்தைத் தின்றது இந்தக் கடைசி வரிதான்.

சோர்சரர் கையில் ஸ்டார்ம் ஸ்ஃபியர், 4ஆம் லெவல். 20 அடி ஆரமுள்ள சுழற்காற்றுக் கோளம். உள்ளே நடப்பது கடினம். கோளம் தோன்றும்போது உள்ளே இருப்பவரும், தன் முறையை உள்ளேயே முடிப்பவரும் ஸ்ட்ரென்த் (உடல் வலு) சேவ் தவறினால் 2 டி6 அடிபடும். அதோடு ஒவ்வொரு முறையும், கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் கோளத்தின் மையத்திலிருந்து 60 அடிக்குள் இருக்கும் ஒருவர் மேல் மின்னல் வீசலாம். பட்டால் 4 டி6, இலக்கு கோளத்துக்குள் இருந்தால் அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு.

இனிஷியேட்டிவ் வரிசை, அதாவது யார் முறை முதலில் என்பது, ட்ரூயிட், கிளெரிக், சோர்சரர், அரக்கன், ரேஞ்சர் என்று விழுந்தது. அதற்கு முன்பே வானத்தை அறிவித்துவிட்டேன். மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது, மலைப்பக்கம் உறுமுகிறது, மழையும் இல்லை காற்றும் இல்லை. இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் இடியோடு மழை இறங்கும் என்று என் குறிப்பில் மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

முதல் சுற்று

ட்ரூயிட் கால் லைட்னிங் போட்டாள். மப்பு புயலாகாது, ஆகவே 3 டி10. அரக்கன் சேவில் தவறினான், 17 டேமேஜ். அடுத்து கிளெரிக்கும் கால் லைட்னிங் போட்டார். இரண்டு விவாதங்கள் ஒன்றாகக் கிளம்பின. சோர்சரர் தம்பி, ஒரே ஸ்பெல் ரெண்டு தடவை கூடாதே, ரெண்டாவது செல்லாதுல்லா என்றான். கிளெரிக் அண்ணனோ செல்வது மட்டுமல்ல, தனக்கு 4 டி10 கிடைக்க வேண்டும் என்றார்.

தம்பியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. கூடாது என்ற விதிக்கு விதிப்புத்தகமே தருகிற எடுத்துக்காட்டு பிளெஸ் என்ற ஆசி ஸ்பெல். இரண்டு கிளெரிக்குகள் ஒருவருக்கே பிளெஸ் போட்டாலும் அவருக்கு ஒரு கூடுதல் பகடைதான். டிஎம்முக்கான புத்தகத்தின் திருத்தத்தில் இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. ஃபயர் எலிமென்டல் என்ற தீப் பூதம் பற்ற வைத்த ஆள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்போது மறுபடி பற்ற வைத்தால் எரிச்சல் டேமேஜ் கூடாது. இரண்டுமே ஒரு ஆள் மேல் நீடித்து நிற்கிற நிலைகள். ஒரு குடைக்குள் நிற்கிறவன் இன்னொரு குடையை விரித்தால் இரண்டு மடங்கு நனையாமல் இருக்க முடியாது. விதி சொல்வது அவ்வளவுதான்.

கால் லைட்னிங்கில் 10 நிமிடம் நீடிப்பது மேகம். அரக்கன் மேல் அந்த மேகத்துக்கு எந்தப் பலனும் இல்லை. அவன் மேல் விழுவது மின்னல், அது விழுந்த நொடியிலேயே தீர்ந்துபோகிறது. ட்ரூயிட் முறையில் ஒன்று விழுந்து முடிந்தது, கிளெரிக் முறையில் வேறொன்று விழுந்து முடிந்தது. ஒன்றின் மேல் ஒன்று படிய, நீடிக்கிற நிலை ஏதும் அவன் மேல் இல்லை. இரண்டு விசார்டுகள் (மந்திரவாதிகள்) அடுத்தடுத்து ஃபயர்பால் என்ற தீக்குண்டு ஸ்பெல்லைப் போட்டால் இரண்டாவதை யாரும் மறுப்பதில்லை. கால் லைட்னிங்கை மட்டும் ஏன் மறுக்கிறோம் என்றால், அதன் தலைப்பில் 10 நிமிடம் என்று எழுதியிருப்பது கண்ணைக் கட்டிவிடுகிறது.

தாக்கா, நிலையா? மின்னல் ஸ்பெல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மின்னலும் மின்னலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் விதிப்புத்தகத்தில் பதிலே கிடையாது. மின்சாரம் என்பது அங்கே ஒரு டேமேஜ் வகையின் பெயர், அவ்வளவுதான். ஒரே ஆள் மேல் பல மின்னல் விழக் கூடாது என்று எழுதியவர்கள் நினைத்த இடத்தில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். 6ஆம் லெவல் செயின் லைட்னிங்கில் ஓர் இலக்கின் மேல் ஒரு கிளை மட்டுமே பாயலாம் என்று தனி வரி இருக்கிறது. பொது விதியே அந்த வேலையைச் செய்யுமென்றால் அந்த வரிக்கு அவசியமே இல்லை.

தம்பிக்கு இது பிடித்துப்போனது, ஏனென்றால் அடுத்த முறை அவனுடையது. ஸ்டார்ம் ஸ்ஃபியர் வேறு ஸ்பெல், அதில் கேள்விக்கே இடமில்லை. கோளம் தோன்றியபோது அரக்கன் சேவில் தப்பினான். போனஸ் ஆக்‌ஷன் மின்னல் அட்வான்டேஜோடு பட்டு 15.

ஒருவர் கொண்டுவந்த மேகம் இன்னொருவருக்குப் புயலா?

இனி அண்ணனின் கேள்வி. அவர் சொன்னது இப்படி: "மக்கா, அவ கொண்டுவந்தது புயல் மேகம்னுதானே எழுதியிருக்கு. அதுக்கு அடியில நிக்கிற எனக்கு மட்டும் புயல் எப்படி இல்லாம போச்சு?"

இது வெறும் சாமர்த்தியப் பேச்சு அல்ல. ஸ்பெல்லில் அந்தச் சொல் உண்மையிலேயே இருக்கிறது. எண்ணிக்கையிலும் வித்தியாசம் சின்னதல்ல. 3 டி10 சராசரி 16.5, அரக்கனின் சேவ் வாய்ப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு மின்னலுக்கு 14 சொச்சம். 4 டி10 என்றால் 19 சொச்சம். கிளெரிக்குக்கு வேறொரு வசதியும் உண்டு. டெம்பஸ்ட் கிளெரிக்கின் டிஸ்ட்ரக்டிவ் ராத், மின்னல் அல்லது இடி டேமேஜுக்குப் பகடை உருட்டாமல் உச்ச எண்ணையே எடுத்துக்கொள்ள விடும். அப்போது வித்தியாசம் முழுசாக 10. இரண்டு பேர் எப்போதும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டாலே இரண்டாமவருக்கு இலவசமாக ஒரு பகடை என்று ஆகிவிடும். 4ஆம் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போடும்போது செலவாகும் சக்தி) போட்டு வாங்க வேண்டிய பகடை அது.

என் தீர்ப்பு இல்லை என்பதே. காரணம், இலவசமாகக் கொடுக்க மனசில்லாதது அல்ல. அந்த வரியை முழுசாக நடத்திப் பார்த்தால் அது தன் காலிலேயே தடுக்கி விழுகிறது. புயல் இருந்தால் புது மேகம் உருவாகாது, இருக்கிற புயல் போட்டவர் கட்டுப்பாட்டுக்கு வரும் என்பது ஸ்பெல்லின் வார்த்தை. ட்ரூயிட்டின் மேகம்தான் புயல் என்றால், அண்ணனின் ஸ்பெல் தனக்கென்று ஒரு மேகத்தை உண்டாக்கவில்லை. தங்கச்சியின் மேகத்தைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அது இனி யாருடையது? தங்கச்சி தன் அடுத்த முறையில் மின்னல் இறக்க முடியுமா? ஒருவரின் கான்சென்ட்ரேஷனில் நிற்கும் ஸ்பெல்லை இன்னொருவர் கைப்பற்ற வேறு விதி எதுவும் வழி கொடுக்கவில்லை.

இதற்குப் பதிலை அரக்கனே கிட்டத்தட்ட நடத்திக் காட்டினான். தன் முறையில் அவன் பாறையைத் தூக்கி ட்ரூயிட் மேல் எறிந்தான். பட்டது, 21 டேமேஜ். கான்சென்ட்ரேஷன் சேவுக்கு டிசி 10 அல்லது டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. 21இல் பாதி 10, ஆக டிசி 10. தங்கச்சிக்கு மொத்தம் 11 வந்தது. இரண்டு குறைந்திருந்தால் அவள் மேகம் அந்த நொடியே மறைந்திருக்கும். அந்த மேகத்தையே தன் புயலாகப் பிடித்திருக்கும் அண்ணன் எதைக் கட்டுப்படுத்திக்கொண்டிருப்பார்? மேகமும் இல்லை, புயலும் இல்லை, ஸ்பெல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த முட்டுச்சந்துக்குள் போகாமல் இருக்க ஒரே வழி, புயல் என்றால் உலகத்தின் வானிலை, மேகம் என்றால் ஸ்பெல்லின் விளைவு என்று பிரித்து வைப்பது. ஆகவே அண்ணனுக்குத் தனி மேகம், 3 டி10. டேமேஜ் பகடையில் 14 விழுந்தது, அரக்கன் சேவில் தவறினான்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல சாட்சி இருப்பதையும் சொல்ல வேண்டும். பழைய 3.5 பதிப்பில் இதே ஸ்பெல், புயல் இடம் என்பதற்கு மழை, மேகமும் காற்றும், வெக்கையோடு கூடிய மூட்டம் என்று பட்டியல் போட்டு, ஜின்னோ பெரிய ஏர் எலிமென்டலோ கிளப்பும் சுழற்காற்றையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆக, மாயத்தால் வந்தது புயலாகவே எண்ணப்படாது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதிப்பில் புயலைக் கைப்பற்றுவது என்ற பேச்சே கிடையாது. புயல் இருந்தால் பகடை 3 டி6இலிருந்து 3 டி10 ஆகும், அவ்வளவுதான். கைமாறும் சிக்கல் இல்லாத அந்த விதியில் அண்ணனின் வாதத்தை நான் ஏற்றிருப்பேன். அங்கே வெக்கை இருந்தால் மப்புக்கே 3 டி10 கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அரக்கன் தன் முறையைக் கோளத்துக்குள்ளேயே முடித்ததால் ஸ்ட்ரென்த் சேவ். தவறினான், 7. அவனிடம் மீதி 52. ரேஞ்சர் ஓடி வந்து அவன் காலடியில் நின்றான், காற்றில் தன் சேவைக் காப்பாற்றிக்கொண்டான்.

மழை இறங்கியபின்

இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் மழையும் இடியும் காற்றும் வந்ததை அறிவித்தேன். ட்ரூயிட் உடனே 4 டி10 கேட்டாள். கிடையாது. புயல் இருக்கிறதா என்று ஸ்பெல் பார்ப்பது போடுகிற நொடியில். முன்பே போட்ட மேகம் பின்னால் வந்த மழையால் வலுவாகாது. வேண்டுமானால் இன்னொரு ஸ்லாட் செலவழித்துப் புதிதாகப் போடலாம். அப்படிப் போடும்போதும் ஒரு மின்னல் உடனே இறங்கும் என்பதால் ஆக்‌ஷன் வீணாகாது, ஸ்லாட்தான் போகும். 7ஆம் லெவலில் 3ஆம் லெவல் ஸ்லாட் மூன்று, 4ஆம் லெவல் ஒன்று. சண்டை முடியப் போகிற நேரத்தில் ஒரு மின்னலுக்குச் சராசரி 5.5 கூட வாங்க ஒரு ஸ்லாட்டைக் கொடுப்பது எனக்கு லாபமாகத் தெரியவில்லை. தங்கச்சியும் அப்படியே நினைத்து இருக்கிற மேகத்தையே பயன்படுத்தினாள்.

அரக்கன் இப்போது ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான், அதாவது தீப்பெட்டியை ஒட்டி, ஸ்கேலுக்கு நேர் கீழே. மேகம் தொட்டிக்கு மேலே. கான்கிரீட் தொட்டியைத் துளைத்தா மின்னல் இறங்கும் என்று மச்சான் கேட்டான். மேகத்துக்கு இடமிருக்க வேண்டும், புள்ளி மேகத்துக்குக் கீழே இருக்க வேண்டும், போடுகிறவர் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும், அவருக்கும் புள்ளிக்கும் நடுவே முழு மறைப்பு இருக்கக் கூடாது. இதற்கு மேல் விதி எதையும் கேட்கவில்லை. வானத்துக்கும் புள்ளிக்கும் நடுவே திறப்பு வேண்டும் என்று அதில் இல்லை. அனுமதித்தேன்.

ஆனால் தூண் வேறொரு வகையில் கணக்கை மாற்றியது. ஹில் ஜயன்ட் 15 அடிச் சதுரம். ரேஞ்சர் ஒரு பக்கம் ஒட்டி நின்றால் புள்ளியை மறுபக்கம் வைத்து ரேஞ்சரைத் தப்பவிடலாம்; கால் லைட்னிங்கில் நண்பனைக் காக்க எல்லாரும் செய்வது அதுதான். இங்கே மறுபக்கத்தைத் தூணும் அரக்கனின் உடம்பும் மறைத்தன. கரையில் நின்ற ட்ரூயிட்டுக்கும் கிளெரிக்குக்கும் கண்ணுக்குத் தெரிந்த புள்ளிகள் எல்லாம் ரேஞ்சர் பக்கம்தான்.

ட்ரூயிட் இறக்கினாள். டேமேஜ் பகடையில் 18. அரக்கன் இந்த முறை தப்பினான், 9. ரேஞ்சரும் தப்பினான், 9. அப்போது அவன், அடுத்தவர் முறையில் பதிலுக்குச் செய்யும் செயலான ரியாக்‌ஷனில் அப்சார்ப் எலிமென்ட்ஸ் போட்டான். 1ஆம் லெவல் ஸ்பெல். எந்த வகை டேமேஜ் வந்ததோ அந்த வகைக்கு, வந்த அடிக்கும் சேர்த்து, தன் அடுத்த முறை தொடங்கும் வரை ரெசிஸ்டன்ஸ் தரும், அதாவது டேமேஜைப் பாதியாக்கும். 9இல் பாதி, கீழே முழு எண்ணாக்கி 4.

நிலை என்றால் என்ன என்பதை இந்தச் சண்டையில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய இடமில்லை. ஒரு மின்னலைத் தாங்கப் போட்ட ஸ்பெல், ரேஞ்சர் முறை வரும் வரை விழுகிற எல்லா மின்னலையும் பாதியாக்கும். யார் போட்டது, எந்த ஸ்பெல் என்ற பாகுபாடு அதற்கு இல்லை. ரேஞ்சருக்கு ஒரு சுற்றில் ஒரு ரியாக்‌ஷன்தான். அது போனபின் இரண்டாவது மின்னலுக்கு என்ன செய்வது என்று பயப்படத் தேவையே இல்லை. ஏற்கெனவே வேறு ஏதாவது மின்னல் ரெசிஸ்டன்ஸ் அவனிடம் இருந்தால்தான் இது வீண். எத்தனை ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் ஒன்றுக்குத்தான் மதிப்பு, கால்வாசி ஆகாது.

மச்சான் இதைக் கவனித்துவிட்டு, "அண்ணே, நீங்க யோசிக்காம போடுங்க, எனக்குப் பாதிதான்" என்றான். அண்ணன் தன் பழைய மேகத்தை விட்டுவிட்டுப் புது ஸ்லாட்டில் மறுபடி கால் லைட்னிங் போட்டார். இப்போது உண்மையான புயல், 4 டி10. கூடவே டிஸ்ட்ரக்டிவ் ராத். 40. அரக்கன் தவறினான், 43இலிருந்து 3க்கு இறங்கினான். ரேஞ்சரும் தவறினான், 40இல் பாதி 20. ராத் தன் சொந்த உருட்டலுக்கு மட்டும்தான். தங்கச்சியின் 18ஐ 30 ஆக்க அண்ணனால் முடியாது. ஆனால் ஒரே உருட்டல் அந்தப் பரப்பில் உள்ள எல்லாருக்கும் பொது என்பதால், உச்ச எண் ரேஞ்சர் மேலும் விழுந்தது.

மீதி 3ஐச் சோர்சரர் கோளத்தின் மின்னல் முடித்தது. போனஸ் ஆக்‌ஷனில் அந்த மின்னலை வீசுவது புது ஸ்பெல் போடுவதாகாது. ஆகவே அரக்கன் இன்னும் தெம்பாக இருந்திருந்தால் தம்பி அதே முறையில் ஆக்‌ஷனில் 8 டி6 லைட்னிங் போல்ட்டும் போட்டிருக்கலாம். ஒரே ஆள் இரண்டு மின்னலை ஒரே முறையில் இறக்க ஐந்தாம் பதிப்பில் உள்ள நல்ல வழிகளில் இது ஒன்று. கோளத்துக்குத்தான் கான்சென்ட்ரேஷன் தேவை, லைட்னிங் போல்ட்டுக்கு வேண்டாம்.

ஆற்றுத் தண்ணீர்

மழை இறங்கியதும் வந்த இன்னொரு விவாதத்தைத் தனியாக வைத்திருக்கிறேன். அரக்கன் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான், மேலிருந்து மழை வேறு. மின்னல் டேமேஜ் இரண்டு மடங்கு ஆக வேண்டாமா? தம்பி இதை 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆடிய பழக்கத்தில் கேட்டான். அந்தக் கம்ப்யூட்டர் கேமில் நனைந்தவர்களுக்கு மின்னலும் குளிரும் இரட்டிப்பு. தண்ணீரை ஊற்றிவிட்டு மின்னல் போடுவதுதான் அங்கே எல்லாரும் கற்கும் முதல் வித்தை. அண்ணன் தொழில் அனுபவத்தில் கேட்டார்: "ஈரக்கையோட சுவிட்சைத் தொட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

மேசை விதியில் நனைந்த நிலை என்று ஒன்றே இல்லை. தண்ணீரையும் டேமேஜ் வகையையும் இணைத்து நீருக்கடிச் சண்டைக்குச் சொல்லியிருப்பது, முழுக்க மூழ்கியவருக்குத் தீ டேமேஜில் ரெசிஸ்டன்ஸ் என்பது மட்டும். மின்னலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இல்லாததை டிஎம் சேர்க்கலாமே என்பது நியாயமான கேள்வி. சேர்க்கலாம், ஆனால் சண்டை நடுவில் அல்ல. அண்ணனின் மின்சார அறிவை உள்ளே விட்டால் அதை முழுசாக விட வேண்டும். நிஜத்தில் மரத்தடியில் நின்ற மாடுகள் மின்னலில் சாவது பெரும்பாலும் நேராகத் தலையில் விழுந்து அல்ல. தரை வழியே பரவுகிற மின்சாரம் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் உள்ள இடைவெளியில் உடம்புக்குள் ஏறுகிறது. அந்தக் கணக்கைப் பரளியாற்றுக்குப் போட்டால் 5 அடி என்ற எல்லையே நிற்காது. ரேஞ்சர் எத்தனை கட்டம் தள்ளித் தண்ணீரில் நின்றாலும் ஷாக் அடிக்க வேண்டும். பாதி இயற்பியலை மட்டும் உள்ளே விட்டால், பேசத் தெரிந்தவருக்கு மட்டும் லாபம் போகும். நனைந்தால் இரட்டிப்பு வேண்டும் என்று குழு விரும்பினால் அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் எழுதி வைத்து, எதிரிகளுக்கும் அதே வசதியைக் கொடுக்கலாம். எங்கள் குழுவில் பேசிப் பார்த்தோம். எதிரிக்கும் உண்டு என்றதும் முதலில் வேண்டாம் என்றவன் ரேஞ்சர்.

இரண்டு கோளம் இருந்திருந்தால்

அன்று நடக்கவில்லை, ஆனாலும் இதைக் கணக்கில் எடுக்காமல் விட மனம் வரவில்லை. இரண்டு சோர்சரர்கள் இரண்டு ஸ்டார்ம் ஸ்ஃபியரை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி போட்டிருந்தால்? இங்கே ஒரே ஸ்பெல்லுக்குள்ளேயே இரண்டு விடை வருகிறது. அரக்கன் இரண்டு கோளமும் படியும் இடத்தில் முறையை முடித்தால், காற்றில் அடிபடுவது ஒரு நிலை. அதற்கு ஒரு சேவ், ஒரு 2 டி6. டிசி அதிகமுள்ள கோளம் செல்லும். நடக்கிற கடினமும் இரட்டிப்பாகாது, ஏனென்றால் கடினமான தரை எத்தனை காரணத்தால் கடினமானாலும் ஒரு தடவைதான் எண்ணப்படும். ஆனால் இரண்டு சோர்சரர்களும் தங்கள் போனஸ் ஆக்‌ஷனில் வீசும் மின்னல் தனித்தனித் தாக்கு. இரண்டுக்கும் தனி உருட்டல், தனி டேமேஜ். இங்கே பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற டிஎம் மின்னலையும் சேர்த்து வெட்டிவிடுவார்; விதியையே பார்க்காதவர் காற்றையும் இரட்டிப்பாக்கிவிடுவார்.

2024 விதிகளில் இவை எதுவும் மாறவில்லை. கூட்டும் விதியில் சம வலுவுள்ளவற்றில் பிந்தியது செல்லும் என்ற தெளிவும் உண்டு. கால் லைட்னிங்கில் புயலைக் கைப்பற்றும் வரி அப்படியே இருக்கிறது.

3.5இல் ஆடியிருந்தால் கதை வேறு. அங்கே உடனடி விளைவுள்ள ஸ்பெல்கள் ஒரே இலக்கின் மேல் கூடும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தம்பியின் கேள்வி எழவே எழுந்திருக்காது. கான்சென்ட்ரேஷன் கட்டுப்பாடும் இன்றைய மாதிரி இல்லாததால், ஒரே ட்ரூயிட் கால் லைட்னிங்கையும் 5ஆம் லெவல் கால் லைட்னிங் ஸ்டார்மையும் ஒன்றாக ஓட விடலாம். ஆனால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன் வேண்டும். இரண்டு ஸ்பெல் ஓடினாலும் சுற்றுக்கு இறங்குவது ஒன்றுதான், மொத்த மின்னல் எண்ணிக்கைதான் கூடும். அதைவிடப் பெரிய வித்தியாசம் பாதுகாப்பில். அங்கே ரெசிஸ்ட் எனர்ஜி ஸ்பெல் ஒவ்வொரு அடியிலும் குறைந்தது 10ஐக் கழிக்கும், 7ஆம் லெவல்காரர் போட்டால் 20. 3 டி6 சராசரி 10.5. ஒருவர் பின் ஒருவராகச் சின்ன மின்னல் இறக்குவது அங்கே தண்ட வேலை, ஒரே பெரிய அடிதான் உள்ளே போகும். ஐந்தாம் பதிப்பில் ரெசிஸ்டன்ஸ் பாதியாக்குவதால் சின்ன மின்னல் பலவும் பெரிய மின்னல் ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான்.

மிச்சமிருக்கும் ஒரு கேள்வி தங்கச்சியுடையது. 15ஆம் லெவலில் ட்ரூயிட்டுக்கு 8ஆம் லெவல் கன்ட்ரோல் வெதர் கிடைக்கும். அதில் அவள் புயலை வரவழைத்து, அண்ணன் கால் லைட்னிங் போட்டால் 4 டி10 உண்டா? உண்டு. அதுவும் மாயம்தானே, அன்றைக்கு மட்டும் ஏன் மறுத்தாய் என்று அண்ணன் கேட்பார். கன்ட்ரோல் வெதர் 5 மைல் ஆரத்தில் உள்ள வானிலையையே மாற்றுகிறது. மழையும் காற்றும் படிப்படியாக ஏறும், ஒவ்வொரு படிக்கும் பத்து முதல் நாற்பது நிமிடம். ஸ்பெல் முடிந்தாலும் அந்த வானிலை சட்டென்று மறையாது, மெல்ல மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். பாறை பட்டுத் தங்கச்சியின் கான்சென்ட்ரேஷன் கலைந்தாலும் அண்ணன் பிடித்திருக்கும் புயல் அங்கேயே இருக்கும். ஆனால் இரண்டு ஸ்பெல்லும் கான்சென்ட்ரேஷன் கேட்பவை. புயலை வரவழைத்தவளே மின்னலையும் இறக்க வேண்டுமானால், கால் லைட்னிங் போடும் நொடியில் கன்ட்ரோல் வெதரை விட வேண்டும். வானிலை திரும்புவதற்குள் சண்டையை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.